ஏறாத இலை

அத்தியாயம் ஒன்பது

நான் அந்த லேகியத்தைத் தின்றது முழுக்க முழுக்கத் துப்பறியும் நோக்கத்தோடுதான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் கம்பவுண்டரம்மா என்னைப் பற்றி என்ன சொன்னாலும் நீங்கள் நம்பக் கூடாது.

முந்தைய எட்டு அத்தியாயங்களையும் பஸ்ஸில் தொலைத்துவிட்டு வந்திருப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் தாண்டவராயன். திண்டிவனத்தில் ஒரு சைக்கிள் கடை மாடியில் 'ராஜம்மாள் துப்பறியும் நிலையம்' என்று ஒரு போர்டு சாய்ந்து தொங்குகிறதே, அந்த நிலையத்தில் ராஜம்மாளைத் தவிர இருக்கும் ஒரே ஜீவன் நான்தான். ராஜம்மாள் இருபது வருஷம் ஆஸ்பத்திரியில் மருந்து கலக்கியவர். அதனால் ஊருக்கெல்லாம் கம்பவுண்டரம்மா. கையில் எப்போதும் ஒரு குடை இருக்கும். அது மழைக்கு விரிந்து நான் பார்த்ததே கிடையாது. என் விலாவில் இடித்துத்தான் அதன் முனை மழுங்கிப் போயிருக்கிறது.

இந்த 1966 ஆகஸ்ட் மாதத்தில் எங்களைச் செஞ்சிக்கு வரவழைத்தவர் நேமிராஜ் வைத்தியர். மேல்சித்தாமூர்க்காரர், சமணர், எறும்பைக்கூடச் சுற்றிக்கொண்டு நடக்கிறவர். அப்பேர்ப்பட்ட மனிதர் மேல் விழுந்த புகார் என்ன தெரியுமா? ஒன்பது வயதுப் பெண் குழந்தைக்குக் கஞ்சா கொடுத்துக் கெடுக்கிறார் என்று!

கொடுத்தது உண்மைதான். அதற்குச் சர்க்கார் பர்மிட்டே இருக்கிறது. ஒரே ஒரு நோயாளிக்கு, மாதம் ஒரு ஜாடி லேகியம். அந்த நோயாளி, மல்லாட்டை மண்டி (வேர்க்கடலைக்கு இந்தப் பக்கம் அதுதான் பெயர்) தர்மநாதனின் மகள் சந்தனா. தினம் ஏழெட்டு முறை வலிப்பு வந்து விழுந்துகொண்டிருந்த பெண், லேகியம் ஆரம்பித்த பிறகு எட்டு மாதமாக ஒரு தரம்கூட விழவில்லை. ஜூன் மாதம்தான் முதன்முதலாகப் பள்ளிக்கூட வாசலை மிதித்தாள். பத்து நாளைக்கு முன்னால் புது ஜாடி வந்தது. அன்றிலிருந்து மறுபடியும் வலிப்பு. போதாக்குறைக்குக் காரணமில்லாத சிரிப்பு வேறு. தர்மநாதன் கோபத்தில் மேலிடத்துக்குப் புகார் எழுதிப் போட்டார். இன்று மாலை ஐந்து மணிக்கு மதுவிலக்கு இன்ஸ்பெக்டர் வந்து பர்மிட்டை ரத்து செய்யப் போகிறார். ரத்தானால் வைத்தியருக்குப் பெயர் போகும். சந்தனாவுக்கு மருந்தே போய்விடும்.

நாங்கள் தர்மநாதன் வீட்டுக்குள் நுழைந்தபோது மணி மூன்று.

சந்தனா கூடத்தில் பாய் மேல் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்ததும் கலகலவென்று சிரித்தாள்.

"நைனா, இவரு மீசையப் பாரேன்! ஒரு பக்கம் முழிச்சிருக்குது, ஒரு பக்கம் தூங்குது!"

"பகல்ல அதுங்களுக்கு ஷிப்டு முறை பாப்பா," என்றேன்.

அவள் இன்னும் பலமாகச் சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. கண் ஒரே இடத்தில் குத்தி நின்றது. சிலேட்டு தரையில் விழுந்தது.

தர்மநாதன் இடுப்புச் சாவிக்கொத்தை உருவிக்கொண்டு பாய்ந்தார். "இரும்பு வேணாம், தள்ளுங்க!" என்று கம்பவுண்டரம்மா அவர் கையைத் தட்டிவிட்டு, குழந்தையை ஒருக்களித்துப் படுக்க வைத்து, தலைக்கு அடியில் தன் முந்தானையைச் சுருட்டிக் கொடுத்தார். இரண்டு நிமிஷம் இருக்கும். சந்தனாவின் இடது புருவத்தில் பழைய தழும்பு ஒன்று இருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

குழந்தை தூங்கிய பிறகு தர்மநாதன் சொன்னார்: "இன்னிக்கு இது நாலாவது. நேத்து ஆறு. எல்லாம் அந்தப் பச்சைமுத்து பண்ணின வேலம்மா. வைத்தியர் வூட்ல இலைய இடிக்கறவன் அவன்தான். நல்ல சரக்க வித்துட்டு வேற எதையோ கலந்துட்டான். இல்லன்னா வைத்தியரே கலந்திருக்கணும்."

"வேற யாரும் ஜாடியத் தொட முடியாதா?"

"எப்படித் தொடுவாங்க? வைத்தியர் வூட்ல ரொப்பி, இன்ஸ்பெக்டர் ஆபீசுக்குப் போவும். அங்க எடை போட்டு அரக்கு சீல் வெப்பாங்க. மறுநாள் பச்சைமுத்து வாங்கியாந்து குடுப்பான். சீல் உடையல. என் கையாலதான் உடைச்சேன். அப்ப உள்ள இருந்தது அவங்க வெச்சதுதானே?"

கணக்காகத்தான் பேசினார். எனக்கே பச்சைமுத்துவைப் பிடித்து உலுக்க வேண்டும் போல் இருந்தது. கம்பவுண்டரம்மா ஜாடியை மோந்து பார்த்தார். கொண்டை ஊசியால் உள்ளே கிளறி எதையோ எடுத்து, காகிதத்தில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். அவர் தர்மநாதன் பக்கம் திரும்பிய சமயத்தில் நான் கொட்டைப்பாக்கு அளவு எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். நெய் மணக்க, பாகு நல்ல பதமாக இருந்தது.

சந்தனா கண் விழிக்கும் வரை ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தோம். எழுந்தவள் தோசை கேட்டாள், இன்னொரு தோசை கேட்டாள். நாங்கள் விடைபெற்றுத் தெருவில் இறங்கினோம்.

தெருவில் இறங்கியதும்தான் ராஜகிரி மலையை நான் சரியாகப் பார்த்தேன். பாறை பாறையாக யாரோ போண்டா சுட்டுக் குவித்து வைத்த மாதிரி இருந்தது. இத்தனை போண்டாவுக்கு எத்தனை கிலோ மாவு ஊற வைத்திருப்பார்கள் என்று நினைத்ததும் சிரிப்பு வந்தது. நிற்கவில்லை.

"அம்மா, அந்த மாடு நமக்கு வணக்கம் சொல்லிச்சு."

குடை நின்றது. கம்பவுண்டரம்மா என் முகவாயைப் பிடித்துத் திருப்பி, கண்ணை விரித்துப் பார்த்தார்.

"இன்னாத்தத் தின்ன?"

"சாட்சியத்த."

"எவ்ளோ?"

"கொட்டப்பாக்கு அளவுதாம்மா."

விலாவில் இடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. பார்த்தால் அவரும் சிரித்துக்கொண்டிருக்கிறார்!

"தாண்டவம், எங்கிட்ட சேர்ந்ததுலருந்து நீ உருப்படியா பண்ணின மொத வேலை இதுதான். உனக்குத் தலைக்கு ஏறிடுச்சு இல்ல? வைத்தியர் லேகியம் ஏறவே ஏறாது. எட்டு மாசமா அந்தப் பொண்ணு அதத் தின்னுட்டுப் பெருக்கல் வாய்ப்பாடு சொல்லியிருக்குது."

"கஞ்சான்னா ஏறாம இறங்குமா?"

"ஆஸ்பத்திரில எனக்குப் பழக்கமான டாக்டர் ஒருத்தர் வெளிநாட்டுப் பத்திரிகை அனுப்புவாரு. கஞ்சாவுல இருக்குற சரக்கத் தனித்தனியா பிரிச்சுட்டாங்களாம். ஒண்ணு தலைக்கு ஏறுதாம், இன்னொண்ணு ஏறலையாம். ஏறாததுக்கு இன்னா வேலைன்னு அவங்களுக்கே இன்னும் புரியலன்னு எழுதியிருக்குது. இந்தச் செஞ்சில ஒருத்தருக்குப் புரிஞ்சிருக்குதோன்னு எனக்கு ஒரு சந்தேகம். நட."

நடந்தேன். நடந்தேன் என்றுதான் நினைக்கிறேன்.

வைத்தியர் வீட்டுப் பின்கட்டில் இலை உலர்ந்துகொண்டிருந்தது. நேமிராஜ் வைத்தியர் ஒல்லியாக, வெள்ளை வேட்டியில், மூன்று நாள் தூங்காத முகத்தோடு இருந்தார். ஒரு பிடி இலையை எடுத்து எங்கள் முன் வைத்தார்.

"இது வேற ஜாதிச் செடிம்மா. எங்க பாட்டனார் காலத்துலருந்து விதை வெச்சிருக்கோம். ஏறாத இலை. கோட்டைமேல உக்காந்து புகைக்கிற சாமியாருங்க ரெண்டு பேரு ஒரு தரம் பறிச்சுக்கினு போனாங்க. மறுநாள் வந்து வாசல்ல துப்பிட்டுப் போனாங்க."

"பன்னண்டு வருஷமா இந்த வூட்ல மருந்து இடிக்கிறேன்," என்றார் உலக்கைப் பக்கத்தில் நின்ற பச்சைமுத்து. நாற்பது வயது, உரலுக்குப் பொருத்தமான தோள். "இந்த இலைய இடிச்சு ஒரு நாளும் கெறங்கினதில்ல. எம்பொஞ்சாதிதான் இன்னும் நம்ப மாட்டேன்றா. இப்ப ஊரே நம்ப மாட்டேன்றாங்க. மண்டில நாலு பேரு முன்னாடி தர்மநாதன் என்னத் திருடன்னாரு."

கடைசி வார்த்தையைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. எனக்கு அப்போதும் சிரிப்பு வந்தது. வெட்கமாகவும் இருந்தது. உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றேன். வைத்தியரின் மனைவி நீலாஞ்சனா என் நிலைமை புரிந்து ஒரு தட்டு மல்லாட்டை உருண்டையை என் கையில் கொடுத்தார். புண்ணியவதி.

கம்பவுண்டரம்மா இடுப்பிலிருந்த காகிதத்தைப் பிரித்தார். உள்ளே மெழுகுத் துணுக்கு ஒன்றும், கண்ணாடி மாதிரி சின்ன இறக்கை ஒன்றும் இருந்தன.

"ஜாடிக்குள்ள இருந்துது. இன்னான்னு தெரியுதா?"

நீலாஞ்சனா ஓரடி பின்னால் போனார். "ஐயையோ, தேனீயா? லேகியத்துல தேனா? அக்கா, மொதல்ல அத்த வெளிய எடுத்துட்டுப் போங்க!"

"நீங்க தேன் சேர்க்க மாட்டீங்களா?"

"தேன் எங்க வீட்டு வாசப்படிய மிதிக்காதுக்கா. ஒரு சொட்டுக்கு எத்தனை உசுரு! ஏட்டுல தேன்னு எழுதியிருந்தாலும் நாங்க கற்கண்டுப் பாகுதான் ஊத்துவோம்."

"பாகு காச்சுறது யாரு?"

"நான்தான்," என்றார் பச்சைமுத்து. "கேளுங்கம்மா, நான் திருடணும்னே நெனச்சிருந்தாலும் என் கை கற்கண்டு டப்பாவுக்குத்தானே போவும்? தேன் ஊத்தணும்னு எனக்குத் தோணவே தோணாது."

"அதத்தான் நானும் நெனச்சேன். லேகியம்னா தேன்னு நெனைக்கிற வூட்ல கிண்டினது இது. இந்த வூட்ல இல்ல."

"அப்போ அரக்கு சீல்?" என்றேன் ஏழாவது உருண்டையோடு. "உடையாத சீலுக்குள்ள எப்படிம்மா பூந்தான்? ஆவியா?"

கம்பவுண்டரம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். "மப்புல கூட உனக்குக் கேள்வி சரியா வருது. பதில்தான் வரல." பிறகு வைத்தியரிடம் திரும்பினார். "வைத்தியரே, அஞ்சு மணிக்கு நீங்க ஒரே ஒரு பொய் சொல்லணும்."

"நோன்பும்மா. பொய் சொல்ல மாட்டேன்."

"குழந்தைக்காக."

வைத்தியர் காய்கிற இலையை ஒரு தரம் புரட்டிப் போட்டார். "சொல்ல மாட்டேன். நீங்க சொன்னா, மறுத்துப் பேசாம சுவரப் பார்த்து உக்காந்திருக்கேன். அவ்வளவுதான் என்னால முடியும்."

"போதும்," என்றார் கம்பவுண்டரம்மா.

ஐந்து அடித்ததும் இன்ஸ்பெக்டர் ராமகிருஷ்ணன் வந்தார். தர்மநாதனும் கூடவே வந்தார், புகார்தாரர் என்ற முறையில். இன்ஸ்பெக்டரைச் செஞ்சியில் தெரியாதவர்கள் கிடையாது. பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாகப் போய் மைக்கைப் பிடித்துக் கஞ்சாவின் தீமை பற்றிப் பேசுகிறவர். கஞ்சி போட்ட காக்கி உடுப்பு, கையில் உத்தரவுக் காகிதம். ஆனால் முகம் மட்டும், யாரோ அவருடைய பர்மிட்டையே ரத்து செய்த மாதிரி இருந்தது.

"மேலிடத்து உத்தரவு. எனக்கு இதில் இஷ்டமில்லை, ஆனால் வேறு வழியில்லை," என்று மேடைத் தமிழில் ஆரம்பித்துப் பேனாவைத் திறந்தார்.

"தாராளமா கையெழுத்துப் போடுங்க சார்," என்றார் கம்பவுண்டரம்மா. "எனக்கு ஒரே ஒரு கவலை. சந்தனா ஜாடில மருந்து மாறியிருக்குது. அப்போ அசல் லேகியம் வேற யாரு கையிலயோ இருக்குது. அது ஒரு மாதிரி மருந்து சார். பத்து நாள் வரைக்கும் ஒரே அளவு குடுக்கலாம். பதினோராம் நாள்லருந்து வயசுக்குத் தக்கபடி அளவ மாத்தியாவணும். மாத்தலன்னா, நின்ன வலிப்பு ரெண்டு பங்கா திரும்பும். இன்னிக்குப் பதினோராம் நாளு. எந்தக் குழந்தை தின்னுக்கினு இருக்குதோ பாவம்."

வைத்தியர் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். பேனா காகிதத்தின் மேல் அப்படியே நின்றது. மை ஒரு பொட்டாக ஊறிப் பெரிதாகிக்கொண்டே போனது.

"அஞ்சு வயசுன்னா எவ்ளோ?" என்றார் இன்ஸ்பெக்டர்.

எனக்குச் சிரிப்பெல்லாம் எங்கேயோ போய்விட்டது.

"சந்தனாவுக்கு ஒம்பது வயசு சார்," என்றேன்.

இன்ஸ்பெக்டர் பேனாவை மூடினார். இரண்டு தரம் முயற்சி செய்த பிறகுதான் மூடி பொருந்தியது.

"உடையாத சீலுக்குள்ள பூர ஒருத்தராலதான் முடியும்," என்றார் கம்பவுண்டரம்மா. "சீல் வெக்கிறவரால. ஜாடி ஒரு ராத்திரி உங்க ஆபீசுல இருந்துது. காலி பண்ணி ரொப்பினதுக்கு அப்புறம்தானே அரக்கு வெச்சீங்க?"

"எம்புள்ள, பாண்டுரங்கன்," என்றார் அவர். மேடைத் தமிழ் எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது. "மே மாசத்துலருந்து வருதும்மா. அடுப்புப் பக்கத்துல விழுந்து கையச் சுட்டுக்கினான். இந்தப் பொண்ணு பையத் தூக்கிக்கினு பள்ளிக்கூடம் போறத தினம் தினம் பார்க்கிறேன். கேக்க வாய் வரல. மைக்குல நான் பேசாத பேச்சா? ஆனா மோசம் பண்ணணும்னு நெனைக்கலம்மா. எடைக்கு எடை வெச்சேன், ஒரு கிராம் கொறையல. கோடவுன்ல புடிச்சு வெச்சிருந்த சரக்கு. வூட்ல தேன் ஊத்திக் கிண்டிக் குடுத்தாங்க. எல்லாம் கஞ்சாதானேன்னு நெனச்சேன்."

"சார், நான் மார்ச்சு மாசமே எழுதிக் கேட்டேன்," என்றார் வைத்தியர், சுவரிலிருந்து திரும்பி. "இன்னும் நாலு பேருக்கு இந்த மருந்து பார்க்கலாம், பர்மிட் வேணும்னு. 'அவசியமில்லை'ன்னு திருப்பி அனுப்பினீங்க."

"அப்போ எம்புள்ளைக்கு வரல," என்றார் இன்ஸ்பெக்டர்.

தர்மநாதன் எழுந்து அவர் எதிரே போய் நின்றார். அடித்துவிடுவார் என்றே நினைத்தேன். "ஆறு தடவ சார். நேத்து மட்டும்." பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார்: "உங்க புள்ளைக்கு?"

"பத்து நாளா வரல."

தர்மநாதன் பொத்தென்று அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். "மொத நாலு நாள் நீங்க தூங்கியிருக்க மாட்டீங்க. எப்போ வந்துடுமோன்னு பார்த்துக்கினே உக்காந்திருப்பீங்க."

இன்ஸ்பெக்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

"பாதி ஜாடியாவது மிச்சம் இருக்குமே," என்றார் கம்பவுண்டரம்மா. "போய் எடுத்தாங்க. சீல் வெக்காம கொண்டாங்க."

இன்ஸ்பெக்டர் சைக்கிளில் போய் வருவதற்குள், தர்மநாதன் எழுந்து உரல் பக்கம் போனார். "பச்சைமுத்து, மண்டில நாலு பேரு முன்னாடி சொன்னேன். நாளைக்கு அதே நாலு பேரு முன்னாடி வந்து மன்னிப்புக் கேக்குறேன்."

"காலைல வாங்க," என்றார் பச்சைமுத்து. "என் பொஞ்சாதியையும் கூட்டியாறேன். அவளுக்குத்தான் மொதல்ல சொல்லணும்."

ஜாடி வந்தது. வைத்தியர் துளியூண்டு நாக்கில் வைத்துப் பார்த்து, "நம்மளுதுதான்," என்றார். இரண்டாகப் பிரித்தார்.

"பதினோராம் நாள் அளவு?" என்று தயங்கித் தயங்கிக் கேட்டார் இன்ஸ்பெக்டர்.

"அது நான் ரோட்ல வரும்போது கண்டுபிடிச்ச வைத்தியம் சார்," என்றார் கம்பவுண்டரம்மா. "பழைய அளவே குடுங்க. இப்ப அந்த உத்தரவுக் காகிதத்தத் திருப்புங்க. பின்பக்கம் காலியா இருக்குது. மருந்து மாறினது சீல் வெச்ச எடத்துல, வைத்தியர் மேல தப்பில்லன்னு எழுதுங்க. கீழ, கூடுதல் நோயாளிக்கு பர்மிட் கேட்டு விண்ணப்பம். பேரு, வயசு, தகப்பன் பேரு."

"இது மேலிடத்துக்குப் போகும்மா. வேலைக்கே..."

"போகும். நாலு பள்ளிக்கூடத்துல மைக் புடிச்ச ஆளு, ஒரு காகிதத்துல எழுத மாட்டீங்களா?"

எழுதினார். பாண்டுரங்கன், வயது ஐந்து. தகப்பன் பெயர், ராமகிருஷ்ணன். அதற்குக் கீழே 'பரிந்துரைக்கும் அதிகாரி' என்ற இடத்துக்கு வந்ததும் பேனா தயங்கியது. பிறகு அதே பெயரை இரண்டாம் முறை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

எல்லாரும் கலைந்த பிறகுதான் என் வயிறு என்னைக் கூப்பிட்டது. அடங்காத பசி. நீலாஞ்சனா அம்மாளைப் பார்த்தேன். அவர் ஜன்னலைக் காட்டினார். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கியிருந்தது.

"பொழுது போயிடுச்சே தம்பி. பொழுது போனா எங்க வீட்ல அடுப்பு எரியாது. யாரும் சாப்பிடவும் மாட்டோம்."

துப்பறியும் தொழிலில் எத்தனையோ அடி வாங்கியிருக்கிறேன். இந்த மாதிரி ஒரு அடி வாங்கினதில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குத் திண்டிவனம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். தர்மநாதன் ஓடி வந்து, வறுத்த மல்லாட்டைப் பொட்டலம் ஒன்றை ஜன்னல் வழியாக என் மடியில் போட்டார். கண் இரண்டும் சிவந்திருந்தன.

"ராத்திரி பூரா பார்த்துக்கினே இருந்தேம்மா. வரல. ஒரு தடவகூட வரல."

"ஒரு ராத்திரிதான் ஆவுது. இன்னும் பாருங்க," என்றார் கம்பவுண்டரம்மா. சொல்லிவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"கருக்கல்ல கதவத் தொறந்தா, இன்ஸ்பெக்டரு சைக்கிளப் புடிச்சுக்கினு வாசல்ல நிக்கிறாரு. எப்போ வந்தாரோ தெரியல. ஒண்ணும் கேக்கல. வரலன்னு நான்தான் சொன்னேன். கேட்டுட்டு அப்புறம்தான் வூட்டுக்குப் போனாரு."

பஸ் கிளம்பியது. நான் பொட்டலத்தைப் பிரித்து, முதல் பிடியைக் கம்பவுண்டரம்மாவிடம் நீட்டினேன்.